பழ ஈயின் கருவில் மூச்சுக்குழல் கிளைக்கும் விதம்

கனிந்த வாழைக் குலையையும் பிளந்து வைத்த பலாச் சுளையையும் மொய்க்கும் சிற்றீயைக் காணாதவர் இலர். அதன் நீளம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர், கண்கள் செந்நிறம், ஆயுள் சில வாரங்கள். டிரசோபிலா மெலனோகாஸ்டர் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இப்பழ ஈ சமையற்கட்டில் தொல்லை. ஆராய்ச்சிசாலையிலோ பெருஞ் செல்வம். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர்-அகர் ஆகியவற்றைக் காய்ச்சி ஊற்றிய குப்பிகளில், தலைமுறை தலைமுறையாக அது வளர்க்கப்படுகிறது. பெங்களூரு நகரின் வடபுறத்தில், பெல்லாரிச் சாலையை ஒட்டியுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையமும், அதனை அடுத்து இன்ஸ்டெம் எனச் சுருக்கமாக வழங்கும் குருத்தணு ஆராய்ச்சி நிலையமும் அமைந்துள்ளன. இந்தியாவில் இந்த ஈயைக் கொண்டு நடைபெறும் ஆராய்ச்சிகளில் பல இவ்விடத்திலிருந்தே வெளிவந்துள்ளன. தேசிய மையத்தைத் தோற்றுவித்த ஒபைது சித்திக்கி (1932–2013) இந்த ஈயின் சுவையுணர்வையும் மோப்பத்தையும் ஆராய்ந்தவர். அவருக்குப் பின் வந்தோர் அதன் நரம்பு, தசை, சிறகு முதலிய பல உறுப்புகளை ஆராய்ந்தனர். அவ்வுறுப்புகளுள் ஒன்றாகிய மூச்சுக்குழல் எவ்வாறு உருவாகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூச்சுக்குழல் பற்றி இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். மனித உடலின் உள்ளுறுப்புகளை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நுரையீரல், சிறுநீரகம், இரத்தக் குழாய்கள், பால் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகிய யாவும் கிளைத்த குழல்களே. கருவில் இவை பிழையாகக் கிளைத்தால் குழந்தை பிழைப்பதே அரிதாகிவிடும். வளர்ந்த பின் பழுதுற்றால் அவற்றைத் திரும்பக் கட்டும் ஆற்றல் உடலுக்கு ஓரளவே உண்டு. தாயின் வயிற்றினுள் வளரும் மனிதக் கருவில் இதனைக் கண்ணால் கண்டு ஆராய இயலாது. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஈயின் முட்டையிலோ, மேலோட்டைச் சலவைத் திரவத்தில் கரைத்து நீக்கிவிட்டால், உள்ளே நடப்பன யாவும் மைக்ராஸ்கோப்பின்கீழ்த் தெளிவாகத் தெரியும். ஒளிரும் புரதத்தை மூச்சுக்குழல் உயிரணுக்களில் மட்டும் தோன்றச் செய்து, உயிருள்ள கருவிலேயே குழல் வளர்வதைப் படம் பிடிக்கவும் முடிகிறது.

பூச்சிகள் மூச்சு விடும் முறை

பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை. அவற்றின் இரத்தமும், பெரும்பாலும், பிராணவாயுவைச் சுமந்து செல்வதில்லை. உடலின் இருமருங்கும் உள்ள துளைகளின் வழியே காற்று நேராகக் குழல்களுள் புகுகிறது. அக்குழல்கள் கிளைத்துக் கிளைத்துச் சிறுத்து, ஒவ்வொரு தசைக்கும் நரம்புக்கும் குடலுக்கும் அருகே சென்று முடிகின்றன. கர்நாடகத்தில் ராமநகரத்திலும் பிற ஊர்களிலும் பட்டுப் புழு வளர்ப்போர் இத்துளைகளை நன்கு அறிவர். வெண்ணிறப் புழுவின் பக்கங்களில் வரிசையாகத் தோன்றும் கரும்புள்ளிகள் அவைதாம். பக்கத்துக்கு ஒன்பது வீதம் பதினெட்டுத் துளைகள்.

இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மல்பீகி 1669-ல் வெளியிட்ட பட்டுப் புழு ஆராய்ச்சி நூலில் இக்குழல்களை முதன்முதலாக விரிவாக வரைந்து காட்டினார். துளைகளில் எண்ணெய் தடவினால் புழு மூச்சடைத்து மாள்வதையும் அவர் கண்டறிந்தார். காற்றை உள்ளே இழுக்கும் துருத்தி எதுவும் இன்றி, பிராணவாயு குழலின் கடைசி நுனிவரை எவ்வாறு சென்று சேர்கிறது என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் கிரோ 1920-ல் குழல்களின் நீளத்தையும் குறுக்களவையும் அளந்து, வாயு தானே பரவும் தன்மை ஒன்றே ஒரு புழுவுக்குப் போதும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். பிராணவாயு நீரில் பரவுவதைவிடக் காற்றில் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு விரைவாகப் பரவுகிறது. ஆகவே குழலின் உட்புழையில் காற்று நிரம்பியிருப்பதும், அக்குழல் ஒவ்வோர் உயிரணுவையும் நெருங்கிச் செல்வதுமே பூச்சியின் உயிருக்கு ஆதாரம். குழல் ஓரிடத்தில் அறுந்தால் அப்பால் உள்ள திசு திணறும்.

இருபது பைகள்

பழ ஈயின் முட்டை 25 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்து புழு வெளிவருகிறது. இந்த ஒரே நாளில் முழு மூச்சுக்குழல் அமைப்பும் ஒன்றுமில்லாமையிலிருந்து உருவாகி முடிந்துவிட வேண்டும்.

முட்டையிட்டு ஐந்து மணி நேரம் அளவில், கருவின் மேற்பரப்பில் பக்கத்துக்குப் பத்தாக இருபது சிறு தட்டுகள் அடையாளம் பெறுகின்றன. மற்ற உயிரணுக்களைப் போலவே தோன்றும் இவ்வணுக்களில் ஒரு தனி ஜீன் விழித்துக்கொள்கிறது. இந்த ஜீன் கெட்டுப்போன கருவில் மூச்சுக்குழலே தோன்றாது. ஆதலால் இதற்கு ‘டிரேக்கியாலெஸ்’, அதாவது ‘மூச்சுக்குழலற்றது’, என்று பெயர் இட்டனர். ஈ ஆராய்ச்சியாளர் பெயரிடும் வழக்கம் சற்று விசித்திரமானது. ஒரு ஜீன் என்ன செய்கிறது என்பதை விடுத்து, அது இல்லாவிடில் என்ன கெடுகிறது என்பதையே பெயராக்குவர். வீட்டில் விளக்கேற்றும் பெண்ணை ‘இருட்டு’ என்று அழைப்பதற்கு ஒப்பானது இது. முதன்முறை படிப்போருக்குக் குழப்பம் தரும் இப்பெயர்கள், பழகியபின் நினைவில் நன்கு நிற்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிரேக்கியாலெஸ் ஜீன் ஆக்கும் புரதம், பல ஜீன்களை இயக்கும் தலைமைச் சாவி என்பது 1996-ல் வெளியான ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. அதன் ஆணையால் ஒவ்வொரு தட்டும் உட்குழிந்து ஒரு சிறு பையாகிறது. தட்டில் இருந்த நாற்பது உயிரணுக்கள் உட்குழியும் வேளையில் ஒரு முறை பிரிந்து ஏறத்தாழ எண்பது ஆகின்றன. இருபது பைகளில் 1,600 உயிரணுக்கள். இதன்பின் கருவில் மூச்சுக்குழல் உயிரணு ஒன்றுகூடப் பிரிவதில்லை. இச்செய்தியை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மரம் கிளைப்பது புதிய உயிரணுக்கள் நுனியில் பெருகுவதால். ஈயின் மூச்சுக்குழலோ இருக்கும் உயிரணுக்கள் நகர்வதாலும், நீள்வதாலும், ஒன்றையொன்று இடம் மாற்றி அடுக்கிக்கொள்வதாலும் மட்டுமே கிளைக்கிறது. குயவன் களிமண்ணைக் கூட்டாமலே ஒரே உருண்டையை இழுத்துக் குடமாக்குவதைப் போன்றது.

வழி காட்டும் குரல்

பையிலிருந்து கிளைகள் தற்செயலாகப் புறப்படுவதில்லை. முதுகை நோக்கி ஒன்று, முன்னும் பின்னும் அண்டைப் பைகளை நோக்கிச் சில, குடலை நோக்கி ஒன்று, நரம்புத் தண்டை நோக்கி ஒன்று என, ஒவ்வொரு பையிலும் அவை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் கிளம்புகின்றன. எங்கே செல்வது என்று அவற்றுக்கு யார் சொல்கின்றனர்?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் 1950-களில் ரோட்னியஸ் என்னும் மூட்டைப்பூச்சி இனத்தில் இக்கேள்வியை ஆராய்ந்தார். ஒரு மூச்சுக்குழலைத் துண்டித்தால், பிராணவாயு இழந்த தோலணுக்கள் நூல் போன்ற கைகளை நீட்டி, அண்டையில் உள்ள நுண்குழல்களைப் பற்றித் தம்பால் இழுத்துக்கொள்வதை அவர் கண்டார். குழல் தானாக வருவதன்று. தேவைப்படும் திசு அதனை வரவழைக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஆயினும் அழைப்பு எந்தப் பொருளால் நிகழ்கிறது என்பதைக் காட்ட அக்காலத்துக் கருவிகள் போதவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துப் பழ ஈயின் ஜீன்கள் அதற்கு விடை தந்தன.

இஸ்ரேலில் பென்னி ஷிலோவின் குழுவினர் 1991–92 ஆண்டுகளில் ‘பிரெத்லெஸ்’, அதாவது ‘மூச்சற்றது’, என்னும் ஜீனை விவரித்தனர். இதன் புரதம் உயிரணுவின் மேற்புறத்தில் நின்று, வெளியிலிருந்து வரும் ஒரு வளர்ச்சிப் பொருளை ஏற்கும் ஏற்பி. அது கெட்ட கருவில் பைகள் தோன்றும், கிளைகள் நகரா. ஏற்பி ஒன்று இருப்பின் அதற்கு உரிய பொருளும் எங்கேனும் இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிராஸ்னோவின் குழுவினர் 1996-ல் அதனையும் கண்டுபிடித்தனர். அதன் பெயர் ‘பிராஞ்ச்லெஸ்’ – ‘கிளையற்றது’. முதுகெலும்புள்ள விலங்குகளில் எப்.ஜி.எப். என வழங்கும் வளர்ச்சிப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

பிராஞ்ச்லெஸ் புரதத்தை மூச்சுக்குழல் ஆக்குவதில்லை. பையைச் சுற்றியுள்ள வேறு உயிரணுக்கள் சிறு சிறு கூட்டமாக, கிளை புறப்பட வேண்டிய இடங்களுக்கு எதிரே நின்று அதனைச் சுரக்கின்றன. அருகில் உள்ள மூச்சுக்குழல் அணுக்கள் அதனை ஏற்று, அது மிக்கிருக்கும் பக்கம் நோக்கி ஊர்கின்றன. சென்று சேர்ந்ததும் அக்கூட்டம் சுரப்பை நிறுத்திவிடும். சற்று அப்பால் மற்றொரு கூட்டம் சுரக்கத் தொடங்கும். கிளை மேலும் நீளும். இது வெறும் ஊகமன்று. அந்த ஆராய்ச்சியாளர் பிராஞ்ச்லெஸ்ஸைத் தவறான இடத்தில் தோன்றச் செய்தபோது, குழல்கள் தம் இயல்பான வழியை விட்டு அவ்விடம் நோக்கித் திரும்பின. ஊர்த் திருவிழாவில் பறையொலி கேட்கும் தெருப்பக்கம் சிறுவர் ஓடுவது போலத்தான்.

அழைப்பு மட்டும் இருந்து அடக்கம் இல்லையெனில் குழல் எங்கும் கிளைத்துப் புதராகும். அதனைத் தடுப்பது ‘ஸ்ப்ரௌட்டி’ என்னும் மற்றொரு ஜீன். நுனியில் நிற்கும் அணுக்கள் வளர்ச்சிப் புரதத்தை மிகுதியாக ஏற்கும்போதே இந்தத் தடைப் புரதத்தையும் ஆக்குகின்றன. அது பின்னால் உள்ள அணுக்கள் கிளைக்காதபடி தடுக்கிறது. இது கெட்ட ஈக்களில் குழலின் தண்டுப் பகுதியிலிருந்தும் வேண்டாத கிளைகள் முளைக்கின்றன. இச்செய்தி 1998-ல் வெளியாயிற்று.

தலைவன் யார்?

ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஓரிரண்டு அணுக்களே தலைமை தாங்குகின்றன, ஏனையவை தொடர்கின்றன. தலைமை பிறப்பால் வருவதா, போட்டியால் வருவதா? இதனை அறிய அமின் காப்ரியாலும் கிராஸ்னோவும் 2006-ல் ஒரு நுட்பமான முறையைக் கையாண்டனர். ஒரே குழலில் சில அணுக்கள் ஏற்பியை இழந்தும் சில அணுக்கள் ஏற்பியோடும் இருக்குமாறு கலந்து வைத்தனர். ஏற்பி இழந்த அணு ஒருபோதும் நுனிக்கு வரவில்லை, பின்னே தள்ளப்பட்டது. ஆனால் நுனியில் ஏற்பியுள்ள அணு ஒன்றிரண்டு இருந்தாலே, ஏற்பி அற்றவை அதன் பின்னே இழுபட்டுச் சென்று குழலாக அமைந்தன. அழைப்பை மிகுதியாகக் கேட்கும் அணு முன்னே செல்கிறது. சென்றபின் ‘நாட்ச்’ என்னும் செய்திமுறை வாயிலாக அண்டை அணுக்களை அடக்கிவைக்கிறது. இது பிறவித் தலைமையன்று.

பின்தொடரும் அணுக்களின் நிலையும் ஆராயத்தக்கது. முதுகை நோக்கிச் செல்லும் கிளையில் ஐந்தாறு அணுக்களே உள்ளன. தொடக்கத்தில் அவை இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று உட்புழையைச் சூழ்ந்திருக்கும். நுனியணு முன்னே இழுக்க இழுக்க, அவை ஒன்றன்பின் ஒன்றாக நழுவி ஒற்றை வரிசையாகின்றன. ஒவ்வோர் அணுவும் வெற்றிலையைச் சுருட்டுவது போலத் தன்னைத்தானே சுற்றிக் குழலாகிறது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர் 2008-ல் கிளையைத் தண்டினின்றும் பிரிக்கும் வகையில் லேசர் ஒளியால் அணுக்களைச் சுட்டு, இந்த வரிசை மாற்றம் நுனியணுவின் இழுப்பால் நிகழ்வதென நிறுவினர். ஆனால் உடலின் நீளவாட்டில் ஓடும் பருத்த தண்டில் இவ்வாறு நடப்பதில்லை. அங்கே ‘ஸ்பால்ட்’ என்னும் ஜீன் அணுக்கள் வரிசை மாறாதபடி தடுக்கிறது. ஆகவே அத்தண்டின் சுவரைப் பல அணுக்கள் சூழ்ந்து நிற்கின்றன. குழல் அகன்று இருக்கிறது. ஒரே பையின் அணுக்கள் ஓரிடத்தில் பெருங்குழலாகவும் ஓரிடத்தில் நூற்குழலாகவும் மாறுவதன் காரணம் இதுவே.

இருபது பைகளும் தனித்தனியே கிளைத்தவை. அவை இணைந்தால்தான் ஒரே அமைப்பாகும். அண்டைப் பைகளின் தண்டுகள் ஒன்றையொன்று நோக்கி வரும் இடத்தில், இடைத்திசுவின் ஒற்றை அணு ஒன்று பாலம் போல நீண்டு நின்று இரு நுனிகளையும் சேர்த்து வைக்கிறது. இணைவணுக்கள் இரண்டும் தொட்டதும் ஒட்டிக்கொண்டு, தம் நடுவே துளை திறந்து விடுகின்றன. கால்வாய் வெட்டுவோர் இருபுறமிருந்தும் வெட்டிவந்து நடுவில் சந்திப்பதற்கு நில அளவையாளர் தேவை. இங்கே அந்த வேலையை ஓர் உயிரணு செய்கிறது.

உட்புழை திறத்தல்

குழல் அமைந்தவுடனே காற்று புகுவதில்லை. முதலில் உட்புழை மிகக் குறுகியது, திரவம் நிரம்பியது. பின்னர் சுவரணுக்கள் புரதங்களைப் பெருவாரியாக உள்ளே சுரக்கின்றன. கைட்டின் என்னும் பொருளால் ஆன தண்டு ஒன்று உட்புழையின் நடுவே உருவாகிறது. இது நிலையானதன்று. உள்ளீடற்ற வெண்கலப் பொருள் வார்க்கும் கன்னார், உள்ளே களிமண் கருவை வைத்து வார்த்து, பின்பு அதனைச் சுரண்டி எடுப்பதை ஒத்தது இது. கைட்டின் தண்டைச் சரிவரப் பதப்படுத்தும் ‘செர்ப்பென்டைன்’, ‘வெர்மிபார்ம்’ என்னும் புரதங்கள் இல்லாவிடில் குழல்கள் அளவுக்கு மீறி நீண்டு பாம்பு போல் நெளிகின்றன என்பது 2006-ல் தெரியவந்தது. குழலின் அளவைக் குழலே உள்ளிருந்து அளந்துகொள்கிறது எனலாம்.

முட்டை பொரிவதற்குச் சில மணி நேரம் முன்பு மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. புரதங்கள் உள்ளே சொரியப்படுகின்றன. பின்பு அப்புரதங்களும் கைட்டின் தண்டும் சுவரணுக்களால் விழுங்கப்பட்டு அகற்றப்படுகின்றன. இறுதியில் திரவமும் உறிஞ்சப்பட்டு, சில நிமிடங்களுக்குள் குழல் முழுதும் வாயு நிரம்பி வெள்ளிக் கம்பி போல் மின்னுகிறது. சுவீடனில் கிறிஸ்டோஸ் சமகோவ்லிஸின் குழுவினர் 2007-ல் இவ்வரிசையை நேரம் குறித்து விளக்கினர். இவற்றுள் ஒன்று தவறினாலும் குழலில் திரவம் தங்கிவிடும். பிறக்கும் குழந்தையின் நுரையீரலிலும் திரவம் நிரம்பியிருக்கிறது. பிறப்பின்போது அது உறிஞ்சப்பட்டு அதன் இடத்தைக் காற்று பிடிக்க வேண்டும். தாமதித்தால் குழந்தை மூச்சுக்குத் திணறும். ஈயின் கரு சந்திக்கும் இடரும் அதுவே என்பது மருத்துவர் சிந்திக்கத்தக்க ஒப்புமை.

கிளைகளின் கடைசி நுனியில் உள்ள முனையணுக்களின் செயல் எல்லாவற்றினும் வியப்புக்குரியது. இவற்றுள் ஒவ்வொன்றும், ஓர் ஆலமரம் போல, தன் ஒற்றை உடலையே பல நீண்ட கிளைகளாக நீட்டி, அக்கிளைகளுக்குள்ளேயே துளை உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் அளவே குறுக்களவுள்ள இந்நுண்குழல்கள் வழியாகத்தான் பிராணவாயு திசுவை அடைகிறது. முதல் கிளைகள் எங்கே தோன்றும் என்பது விதிக்கப்பட்டது. முனையணுவின் கிளைகளோ தேவைக்கு ஏற்ப மாறுவன. பிராணவாயு குறைந்த சூழலில் வளர்த்த புழுக்களில் நுண்குழல் கிளைகள் மிகுந்தும், மிகுந்த சூழலில் குறைந்தும் காணப்பட்டன (1999). பிராணவாயு குறைந்த திசு, கருவில் கிளைகளுக்கு வழிகாட்டிய அதே பிராஞ்ச்லெஸ் புரதத்தை மீண்டும் சுரந்து குழலை வரவழைக்கிறது. விகிள்ஸ்வொர்த் மூட்டைப்பூச்சியில் கண்ட அழைப்புக்குப் பழ ஈயில் இவ்வாறு ஒரு பொருள் அகப்பட்டது.

நுரையீரலோடு ஒப்பு

எப்.ஜி.எப்.–10 என்னும் வளர்ச்சிப் புரதத்தை இழந்த எலிகளுக்கு மூச்சுத் தொண்டை உருவாகிறது, நுரையீரல் உருவாவதில்லை. 1998–99 ஆண்டுகளில் வெளியான இம்முடிவு, பிராஞ்ச்லெஸ் இழந்த ஈயின் நிலையோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. ஸ்ப்ரௌட்டிக்கு இணையான நான்கு ஜீன்கள் பாலூட்டிகளில் உள்ளன. இருப்பினும் இரண்டையும் ஒன்றென மயங்குதல் தகாது. ஈயின் மூச்சுக்குழல் கருவின் வெளித்தோல் அடுக்கிலிருந்தும், நுரையீரல் குடலின் உள்ளடுக்கிலிருந்தும் தோன்றுகின்றன. நுரையீரலில் உயிரணுக்கள் பிரிந்து பெருகிக்கொண்டே கிளைக்கின்றன. மனிதரில் ஏறத்தாழ இருபத்து மூன்று படிகள் வரை அது கிளைக்கிறது. ஆகவே பொதுவாக உள்ளவை அழைப்பும் அடக்கமும் ஆகிய கருவிகளே. கட்டும் முறை வேறு. ஈயில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிக் கூறும் ஆர்வம் இத்துறையில் அவ்வப்போது எழுவதுண்டு. கருவிக்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறவாதவர்க்கே ஈ பயன்படும்.

பெங்களூரு கண்ட புதிர்

முட்டையிலிருந்து வெளிவந்த புழு நான்கு நாட்களில் பன்மடங்கு பெருக்கிறது. மூச்சுக்குழலின் பெரும்பாலான அணுக்கள் பிரியாமலே, தம் டி.என்.ஏ.-வை மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டித்துப் பருமன் அடைகின்றன. இத்தகைய அணுக்கள் திரும்பப் பிரிய மாட்டா. ஆனால் புழு கூட்டுப் புழுவாகி, ஈயாகும்போது பழைய குழல்களிற் பல அழிந்து புதியவை வேண்டப்படுகின்றன; பறக்கும் தசைகளுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவை. புதிய குழல்களைக் கட்டுவது யார்?

இதற்கு விடை 2008-ல் பல குழுக்களிலிருந்து ஒரே சமயத்தில் வந்தது. அவற்றுள் ஒன்று அர்ஜுன் குஹா, தாமஸ் கோர்ன்பர்கின் அமெரிக்க ஆராய்ச்சிசாலையில் இருந்தபோது பங்குகொண்டது. முன்னிருந்து இரண்டாம் பகுதியின் நீளவாட்டுத் தண்டில் உள்ள அணுக்கள் மட்டும் டி.என்.ஏ.-வைப் பெருக்கிக்கொள்ளாமல், முழுமையான குழலணுக்களாகப் பணியாற்றிக்கொண்டே காத்திருந்து, புழுவின் இறுதிப் பருவத்தில் பிரியத் தொடங்குகின்றன என அது காட்டிற்று. வேலை செய்யும் முதிர்ந்த அணுவே மூலவணுவாகவும் அமைவது, குருத்தணு என்றால் தனியே ஒதுங்கி நிற்பது என்று கொண்டிருந்த கருத்துக்கு முரணானது. குஹா பின்னர் பெங்களூருவில் இன்ஸ்டெம் நிலையத்தில் தம் ஆராய்ச்சிக் குழுவை அமைத்து, ஈயின் மூச்சுக்குழலையும் எலியின் நுரையீரல் காற்றுக்குழல்களையும் அடுத்தடுத்து வைத்து ஆராயலானார்.

இக்குழு எடுத்துக்கொண்ட கேள்வி, அந்த அணுக்கள் ஏன் காத்திருக்கின்றன என்பது. உயிரணு பிரிவதற்கு முன் டி.என்.ஏ.-வை ஒரு முறை இரட்டிக்கிறது. இரட்டித்து முடித்தபின், பிரிவதற்கு முன் உள்ள இடைப்பருவம் ‘ஜி-2’ எனப்படும். மூச்சுக்குழல் மூலவணுக்கள் இப்பருவத்தில் 48 முதல் 56 மணி நேரம் நிற்கின்றன. பிரிவைத் தூண்டும் ‘ஸ்ட்ரிங்’ என்னும் புரதம் இல்லாமையால் அவை நிற்கின்றன என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆராய்ந்தபோது அப்புரதம் அவ்வணுக்களில் இருக்கக் காணப்பட்டது. மாடு பூட்டி, வண்டி ஆயத்தமாக இருந்தும் சக்கரம் உருளவில்லை. அப்படியாயின் எங்கோ முட்டுக்கட்டை இடப்பட்டிருத்தல் வேண்டும்.

அம்முட்டுக்கட்டையை இன்ஸ்டெம் குழு 2018-ல் வெளியிட்டது. அது ‘செக்-1’ என்னும் நொதி. ஈயில் அதற்கு ‘கிரேப்ஸ்’ என்று பெயர். இந்நொதியும் அதனை ஏவும் ஏ.டி.ஆர். நொதியும் விஞ்ஞானிகளுக்குப் பழக்கமானவையே. டி.என்.ஏ. சிதைந்தால் பழுது பார்க்கும்வரை பிரிவை நிறுத்திவைக்கும் காவலர் என்றே அவை பெயர் பெற்றவை. இங்கே அவை ஒரு சிதைவும் இன்றியே, வளர்ச்சியின் ஒழுங்கான படியாகப் பணியாற்றுகின்றன. இந்நொதிகளை மூச்சுக்குழலில் அகற்றியபோது அணுக்கள் 24 முதல் 32 மணி நேரம் முன்னதாகவே பிரியத் தொடங்கின. முன்கூட்டிப் பிரிந்ததால் அணுக்கள் சாகவில்லை, டி.என்.ஏ. மிகுதியாகச் சிதையவும் இல்லை. பிரிவும் இயல்பாகவே நிகழ்ந்தது. ஆயினும் அவ்வணுக்களின் பருமன் குறைந்தது. அவை அமைத்த குழலும் உரிய அளவுக்கு வளரவில்லை. காத்திருக்கும் காலம் வீண் காலமன்று. அக்காலத்தில் அணு பருத்து, அதனோடு குழலும் பருக்கிறது. வளரும் புழுவுக்கு மூச்சளிக்கும் குழல் சிறுத்தால் வரும் இடரைச் சொல்ல வேண்டுவதில்லை.

காவலரை அங்கே நிறுத்தியது யார் என்பது அடுத்த கேள்வி. 2020-ல் அதே குழு அதற்கும் விடை கண்டது. ‘வின்ட்’ எனப்படும் செய்திப் புரதங்கள் நான்கை இம்மூலவணுக்களே மிகுதியாக ஆக்குகின்றன: விங்லெஸ், வின்ட்-5, வின்ட்-6, வின்ட்-10. இவற்றின் தூண்டுதலால் செக்-1 ஜீன் மிகுதியாக இயங்குகிறது. நான்கில் ஒன்றை நீக்கினால் மற்ற மூன்றும் அதன் குறையை நிரப்புவதில்லை. நான்கும் கூடித்தான் கட்டையைப் பிடிக்கின்றன. ஓரினப் புரதங்கள் பல இருக்குமிடத்தில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாக நிற்பதே பெரும்பாலும் காணப்படுவது. ஆதலால் இது குறிப்பிடத்தக்க முடிவு.

புழுவின் இறுதிப் பருவத்தில் நான்கு வின்ட் புரதங்களும் குறைகின்றன. அவை குறைந்ததும் செக்-1 குறைகிறது. அணு பிரிவுக்குள் நுழைகிறது. அதனோடு ‘டிபிபி’ என்னும் மற்றொரு செய்திப் புரதத்தின் செயல் ஓங்கி, அணுக்கள் தொடர்ந்து பெருகத் தூண்டுகிறது. பின்பகுதிகளில் பழைய குழல்கள் சிதையும்போது, நான்காம் ஐந்தாம் பகுதிகளின் ஓரத்தில் தனியே ஒதுங்கியிருந்த வேறு மூலவணுக்கள் அச்சிதையும் குழல்களின் மீதே ஊர்ந்து பின்னோக்கிச் செல்கின்றன. அவற்றை அழைப்பதும் பிராஞ்ச்லெஸ்தான். அழிந்துகொண்டிருக்கும் குழலே அதனைச் சுரந்து, தனக்குப் பதிலாக வருபவற்றுக்கு வழி காட்டுகிறது என ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர் 2014-ல் கண்டனர். கருவில் 1,600 அணுக்களால் கட்டப்பட்ட குழலமைப்பு இவ்வாறு கூட்டுக்குள் புதுப்பிக்கப்பட்டு, சில நாட்களில் சிறகு விரித்த ஈ வெளியே வருகிறது.